பூட்டு சாரும் வழிவிடாத பெட்டியும்

பூட்டு சாரைப் போல யாரையும் நம்பாத மனிதர் இந்தப் பூமியில் இன்னொருவர் பிறந்திருந்தால், அவரையும் பூட்டு சார் நம்பியிருக்க மாட்டார்.

போடியில் ஏலக்காய் ஏலம் நடத்தும் கம்பெனியில் நெட்வொர்க்குக்கு அவர்தான் பொறுப்பு. அவருடைய டிபன் டப்பாவுக்குப் பூட்டு. மவுஸை டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் சாப்பிடப் போவார். வேண்டாதது எதுவும் நெட்வொர்க்குக்குள் நுழையாமல் மறிக்கும் ஃபயர்வால் பெட்டி இருந்த அலமாரியின் சாவியோ அருணாக்கயிற்றில்! அதை அவிழ்க்கும்போதெல்லாம் ஆபீஸே திரும்பி நிற்க வேண்டும். காவலுக்கென்று கோம்பை நாய் ஒன்றைக் கொண்டுவந்தார். முதல் நாளே அது அவரை உள்ளே விடவில்லை. "இவன்தாம்லே வேலைக்காரன்" என்று பூரித்துப்போனார்.

2008 வாக்கில் நான் அங்கே தற்காலிகமாகச் சேர்ந்தேன். குச்சனூர்ப் பக்கம் எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். அடுத்த ஏலத்தில், புதிதாகக் கட்டிய ஏலக் கூடத்துக் கம்ப்யூட்டர்கள் ஓடினால்தான் வேலை நிரந்தரம் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

விஷயம் சின்னது. கம்ப்யூட்டர் விழித்ததும், நெட்வொர்க்கில் சேர, "யாராவது எனக்கொரு முகவரி கொடுங்கப்பா" என்று பொதுவாகக் கூவும். முகவரி தரும் சர்வர் பழைய கட்டடத்தில். நடுவில் ஃபயர்வால். கூவல் அதைத் தாண்டாது. ஆனால் அந்தப் பெட்டியிலேயே 'ரிலே' என்றொரு வசதி உண்டு. அதை இயக்கி, சர்வரின் முகவரியைச் சொல்லிவிட்டால் போதும். பெட்டி கூவலைக் கேட்டு, "புதுக் கூடத்திலிருந்து கேட்கிறார்கள்" என்று சர்வரிடம் நேராகச் சொல்லி, பதிலை வாங்கித் தரும்.

"முடியாதுலே. கூப்பாடு போடுறவனுக்கெல்லாம் கதவத் தொறந்தா அது ஃபயர்வாலா, வீரபாண்டித் திருவிழாவா?" என்றார் பூட்டு சார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புதுக் கூடத்திலிருந்து டீக்கடையைப் பார்த்து யாரும் கத்தக் கூடாது என்பது இவர் போட்ட சட்டம். இவரிடம் சொல்ல வேண்டும். இவரே கடைக்குப் போய், "புதுக் கூடத்துக்கு" என்று சொல்லி வாங்கிவந்து கொடுப்பார்.

"சார், டீக்கு நீங்க செய்றதத்தான அந்தப் பெட்டியும் செய்யப்போகுது?"

"டீ குடிச்சவன் டம்ளர வச்சிட்டுப் போயிருவான். அட்ரஸ் வாங்குனவன் போவானா?"



ஏலத்தன்று காலை. "யாவாரிக எல்லாம் வந்துட்டாக, தொறய்யா!" என்று முதலாளி அதட்டிய பிறகே அலமாரி திறந்தது. என்னைச் சுவரைப் பார்த்து நிற்கச் சொல்லிவிட்டுப் பூட்டு சார் என்னவோ தட்டினார். ரிலே இயங்கியது. ஒரு கம்ப்யூட்டருக்கும் முகவரி வரவில்லை.

"என்ன தம்பி, நாங்க கம்பத்துக்கே திரும்பிப் போகவா?" என்றார் ஒரு வியாபாரி. முதலாளி என் பக்கம் திரும்பினார். "நாளைலருந்து நீ வர வேணாம்."

பாய்ந்துபோய்த் திரையைப் பார்த்தேன். சர்வரின் முகவரி இருக்க வேண்டிய இடத்தில், மனிதர் ஃபயர்வாலின் சொந்த முகவரியையே அடித்து வைத்திருந்தார்! கேட்டதையெல்லாம் பெட்டி தன்னிடமே சொல்லிக்கொண்டு கம்மென்று இருந்தது.

"என்ன சார் இது?"

"அடுத்தவன நம்பி எப்பிடிலே குடுக்கிறது?"

கத்திக்கொண்டே மாற்றினேன். கம்ப்யூட்டர்கள் வரிசையாக முகவரி வாங்கின. ஏலம் தொடங்கியது. அப்படியும் முதலாளி கோபம் அடங்காமல் என்னை நோக்கி வந்தார். குறுக்கே பூட்டு சார்.

"தப்பு என்னுது முதலாளி. இவன் மேல பாயணும்னா என்னயத் தாண்டித்தான் போகணும்."

முதலாளியால் தாண்ட முடியவில்லை. வேலை நிலைத்தது. அதற்காக அந்தக் காலை நேரத்தை நான் மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். இன்றைக்கும் வயிறு எரிகிறது.

மறுநாள் சாப்பாட்டு வேளையில் என் மேசை மேல் அவருடைய டிபன் டப்பா இருந்தது. பூட்டு இல்லாமல்.