கடாரம் போன கப்பல்

"இன்னும் எத்தினி பக்கம்யா கீது?" என்று கேட்டாள் பவுனம்மாள்.

"இருவது."

"நேத்தும் இருவதுன்ன?"

"நேத்து படிச்சது மறந்துபூட்ச்சி. மறுபடி படிக்கிறேன்" என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார் கோதண்டம்.

மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டில் விசைப்படகுகள் கட்டிக் கிடந்தன. வலையைத் தைத்து முடித்துவிட்டு, பொழுது போகாமல் நூலகத்தில் எடுத்த புத்தகம் அது. கடல் தாண்டிக் கடாரத்துக்குக் கப்பல் விட்ட ராஜேந்திர சோழனின் கதை.

புத்தகம் முடியட்டும் என்று மனைவியிடம் சொல்லி அவர் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தது மகன் திருமுருகனின் ஈமக் காரியத்தை. இரண்டு வருஷத்துக்கு முன் புயலில் படகோடு போனவன். உடலும் கிடைக்கவில்லை, தகவலும் இல்லை.

"வர்ற அமாவாசைக்குக் காரியத்த முடி. தடை முடிஞ்சா நீ கடலுக்குப் பூடுவ."

"அவசரப்படாத பவுனு. ஒரு காத்துல போற கப்பலு, எதிர்க்காத்து வர்ற வரிக்கும் காத்துகினு இருந்துதான் திரும்பும். வருசக்கணக்கா ஆவும். ராஜா காலத்துலயே அப்டித்தான்."

"எந்தப் பக்கத்துல கீது? காட்டு."

எந்தப் பக்கத்திலும் இல்லை. பாவம், வாயில் வந்ததைச் சொன்னார்: "இதுல இல்ல. திருவொற்றியூர் கோயில் கல்லுல கீது."

மறுநாள் காலையிலேயே அந்தக் கல்லின் முன்னால் அவரை நிறுத்தினாள் பவுனம்மாள்.

"படி."

அவர் படித்த எட்டாம் வகுப்பில் அந்த எழுத்து இல்லை. விரலால் தடவியபடி, "காத்து... கப்பலு..." என்று ஆரம்பித்தார்.

பக்கத்தில் கல்வெட்டைப் பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த தங்கபுஷ்பம் டீச்சர் சிரித்துவிட்டார். "ஐயா, அது கோயில் வெளக்குக்கு ஆடு குடுத்த சேதி!"

"ஆடு நீந்திகினு போச்சாயா கடாரத்துக்கு?" என்றாள் பவுனம்மாள்.

"கப்பல் சமாச்சாரம்லாம் ராஜேந்திர சோழன் கட்டுன ஊர்லதான் இருக்கும். கங்கைகொண்ட சோழபுரத்துல" என்றார் டீச்சர்.

அவ்வளவு தூரம் எங்கே வரப்போகிறாள் என்று நினைத்தார் கோதண்டம். விடிவதற்குள் புளிசோறு கட்டி வைத்திருந்தாள்.

மூன்று பஸ் மாறிப் போய் இறங்கினார்கள். அண்ணாந்து பார்க்க வைக்கும் கோபுரம். கோதண்டம் அதைப் பார்க்கவில்லை. கோயிலைச் சுற்றிக் காட்டும் பிரகாஷ் என்ற பையனைத் தேடிப் பிடித்தார்.

"தம்பி, கடாரம் போன கப்பலுங்க எத்தினி வருசத்துல திரும்பிச்சி?"

"ராஜா எந்தெந்த ஊர ஜெயிச்சாருன்னு பேர் பேரா வெட்டியிருக்காங்கய்யா. கப்பல்ல போனவன் யாரு, திரும்புனவன் யாருன்னு எந்த ஊர்லயும் ஒரு எழுத்து கெடையாது."

கோதண்டம் அப்படியே புல்தரையில் உட்கார்ந்துவிட்டார். போய்ப் பார்க்க இனி வேறு ஊர் இல்லை. இரண்டு வருஷமாக அழாத மனிதர், துண்டை வாயில் அழுத்திக்கொண்டு அழுதார்.

"நீ சொன்னதுதான் சரி பவுனு. அமாவாசைக்குக் காரியத்த முடிச்சிடலாம்."

பவுனம்மாளோ, நகரப் போன பிரகாஷின் சட்டைக்கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஏம்பா... போனவன் வரலன்னும் எழுதலதானே?"