நூறு பேருக்கு மட்டும் இடம்

நிர்வாகத் திறன் என்ற ஒன்று உலகில் உண்டா என்று சந்தேகப்படுகிறவர்கள் இனி வாயை மூடிக்கொள்ளலாம். இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு, பாலிகஞ்சில், லிஃப்ட் இல்லாத ஒரு மூன்றாவது மாடி வீட்டில் அது ஐயத்துக்கிடமின்றி நிரூபிக்கப்பட்டுவிட்டது. நிரூபித்தவர், காப்பீட்டு அலுவலகம் ஒன்றின் தபால் பிரிவுக் கண்காணிப்பாளர் திரு. வாஞ்சிநாதன். நிரூபிக்கப் பயன்பட்ட கருவி ஒரு பழைய செல்போன்.

அது அவர் மகள் சைதன்யா கழித்துப் போட்டது. தலையில் கட்டைவிரல் அளவுக்கு ஆன்டெனா. கறுப்பு வெள்ளைத் திரை. நூறு பெயர்களுக்கு மேல் அதில் ஏறாது. வாஞ்சிநாதனின் டைரியில் இருந்ததோ இருநூற்று முப்பத்தொரு பெயர்கள்.

"தூர், இதுக்குப் போய் இவ்வளவு யோசனையா? குடுப்பா, அரை மணியில ஏத்தித் தரேன்" என்று வங்காளிகள் பாணியில் சலித்துக்கொண்டாள் ஜாதவ்பூரில் படிக்கும் சைதன்யா. நாடுகள் எப்படிச் சீரழிகின்றன என்பது வாஞ்சிநாதனுக்கு அந்தக் கணத்தில் விளங்கியது.

அன்றைக்கே ஒரு கோப்பு திறந்தார். 'கைபேசியில் பெயர்கள் ஏற்றும் பணி' என்று அதற்குத் தலைப்பு. முதல் விதி: எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் எவருடைய எண்ணும் ஏற்றப்படாது. கடைசி விதி, பதினான்காவது: பெயர் தெரியாத அழைப்பு எடுக்கப்படாது. பிறகு பதில் அட்டை ஒட்டிய தபாலட்டைகளை வாங்கிவந்து, மூன்று வாரம் உட்கார்ந்து, ஒவ்வொருவருக்கும் தம் கைப்பட எழுதினார். 'தங்கள் தொலைபேசி எண்ணை எனது கைபேசியில் சேர்க்க உத்தேசித்துள்ளேன். ஆட்சேபணை இல்லையெனில் இணைப்பு அட்டையில் கையொப்பமிட்டுப் பதினைந்து தினங்களுக்குள் அனுப்பவும்.'

பதில்கள் குவிந்தன. பெங்களூரிலிருந்து ஒருவர், இந்த வேலைக்குச் சம்பளம் எவ்வளவு என்று கேட்டிருந்தார். எதிர் பால்கனி வங்காளி அம்மாள் அமலாதி தம் எண்ணை அங்கிருந்தே கூவிச் சொன்னார். வாய்மொழி செல்லாது என்று வாஞ்சிநாதன் பணிவோடு தெரிவித்ததும், மீன் சுற்றிவந்த காகிதத்தில் வங்காளியில் எழுதி வேலைக்காரப் பெண்ணிடம் கொடுத்தனுப்பினார். அது சைதன்யாவால் மொழிபெயர்க்கப்பட்டு, சான்றொப்பம் பெற்று, இரண்டு நாள் வெயிலில் உலர்த்திய பின் கோப்பில் சேர்ந்தது.

அட்டை போகாத ஆள் ஒருவர்தான்: மனைவி அனந்தலக்ஷ்மியின் தம்பி பட்டாபி. கிடர்பூரில் சரக்குக் கப்பல் அலுவலகத்தில் வேலை. ஆறு வருஷங்களுக்கு முன், பட்டாபி அச்சடித்த ஒரு கல்யாணப் பத்திரிகையில் தம் பெயர் மூன்றாவது வரிக்குப் போனது பற்றி வாஞ்சிநாதன் அவனுக்குப் பதினோரு பக்கம் எழுதினார். பத்திகளுக்கு எண் போட்ட கடிதம். அதற்குப் பட்டாபி பதில் எழுதாமல், நேரில் வந்து, "என்ன அத்திம்பேர் இது, காபி இருக்கா?" என்று சிரித்துவிட்டான். எழுத்தில் வராத மன்னிப்பை எந்த அலுவலகம் ஏற்கும்? அன்றோடு பேச்சு நின்றது.

இப்போது அவனை விசாகப்பட்டினத்துக்கு மாற்றிவிட்டார்கள். போவதற்குள் இரண்டு ஆண்பிள்ளைகளும் ஒரு வார்த்தை பேசிவிட வேண்டும் என்பது அனந்தலக்ஷ்மியின் தவிப்பு. எண் அந்தப் பெட்டிக்குள் இருந்தால், என்றைக்காவது விரல் அதில் பட்டுவிடாதா? தோசை வார்க்கும்போது கேட்டாள், வேட்டி மடிக்கும்போது கேட்டாள். விண்ணப்பம் வரட்டும், பரிசீலிக்கலாம் என்பதுதான் அவர் பதில். கூடப் பிறந்தவன் விண்ணப்பம் போட வேண்டுமா என்று அவள் கேட்டதற்கு, உறவுக்காரர்களுக்குச் சலுகை காட்டினால் அமலாதி முகத்தில் எப்படி விழிப்பது என்று அவர் திருப்பிக் கேட்டார்.

சம்மதம் வந்தவர்களில் சீனியாரிட்டிப்படி தினம் மூன்று பெயர் வீதம், சைதன்யா சாட்சியாக நிற்க, பணி நடந்தது. நூறாவது பெயர் ஏறியது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். வாஞ்சிநாதன் கோப்பின் அடியில் இரட்டைக் கோடு போட்டார். மை காய்வதற்குள் செல்போன் அடித்தது.

திரையில் வெறும் எண். பெயரில்லை.

"எடுங்கோ" என்றாள் அனந்தலக்ஷ்மி. "பட்டாபிதான். ஹவுரா ஸ்டேஷன்லேர்ந்து பண்றான். நான்தான் நம்பர் குடுத்தேன்."

"பெயர் வரலையே. பதினாலாவது விதி என்ன சொல்றது?"

"அப்ப அவன் பேரையும் போட்டுக்கறது."

"இடமில்லை, அனந்தம். நூறும் பூர்த்தி."

அனந்தலக்ஷ்மி கோப்பை இழுத்தாள். யார் யாரெல்லாம் தன் தம்பியைவிட ஒசத்தி என்று பார்த்தே தீருவது என்று புரட்டினாள். முதல் பக்கத்து முதல் அட்டையிலேயே விரல் நின்றது. வாஞ்சிநாதனின் பழைய மேலதிகாரி சான்யால் சாருக்கு எழுதியதன் பதில். கையெழுத்து அவர் மனைவியுடையது: 'என் கணவர் மார்ச் மாதம் காலமானார். இருந்திருந்தால் மிகவும் சந்தோஷப்பட்டிருப்பார்.'

"ஏன்னா, இவர் போய்ச்சேர்ந்துட்டாரே!"

"ஆட்சேபணைன்னு எழுதியிருக்கா? மகிழ்ச்சி தெரிவிச்சிருக்கா. அது சம்மதம்தான். சீனியாரிட்டில அவர்தான் முதல்."

"அவருக்குப் போன் பண்ணினா யார் எடுப்பா?"

வாஞ்சிநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பண்றதுக்காகவா ஏத்தினேன்?"

செல்போன் ஒருதரம் ஓய்ந்து, மறுபடி அடித்தது. அனந்தலக்ஷ்மி அதை மேஜையிலிருந்து எடுத்தாள். பச்சைப் பொத்தானை அமுக்கினாள். "டேய் பட்டாபி, வண்டி எத்தனை மணிக்கு? நாலுக்கா? அங்கேயே இரு, டாக்ஸி பிடிச்சு வரேன்" என்று பேசிக்கொண்டே செருப்பை மாட்டினாள். வாசலில் ஒரு நிமிஷம் நின்று அவரைப் பார்த்தாள். அவர் பேனாவை மூடவில்லை. அவள் குரல் மூன்று மாடிப் படியிலும் இறங்கித் தெருவோடு போய்விட்டது.

வாஞ்சிநாதன் பதறவில்லை. 'பிற்பகல் இரண்டு பத்து. கருவி முன் அனுமதியின்றி வெளியே எடுத்துச் செல்லப்பட்டது' என்று குறித்தார். கோப்பை நாடாவால் கட்டினார். நூறு பேரின் சம்மதமும், ஒன்று குறையாமல், அவர் மடியில் பத்திரமாக இருந்தது. அத்தனை விவரமும் அடங்கிய அந்தக் கோப்பில், இந்த நூறு பேரில் எவரோடாவது அவருக்குப் பேச ஏதாவது உண்டா என்று குறிக்கத்தான் ஒரு கட்டம் இல்லை.