அசையாத ஜெல்லியும் கசியாத வால்வும்

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் தங்கையைக் கட்டிக்கொண்டவன் பணிவோடு எழுதுவது. இங்கு நாங்கள் சௌக்கியம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? எனக்கு இதய ஆபரேஷன் என்று உங்கள் தங்கை போனில் அழுதாளே, அதைத் தயவுசெய்து மறந்துவிடுங்கள்.

மாடியேறினால் மூச்சு வாங்குகிறது என்று போனவனை, ரத்த ஓட்டத்தை அளக்க எம்.ஆர்.ஐ. குகைக்குள் தள்ளி, "மூச்சை இழுங்க, விடுங்க, அப்படியே நிறுத்துங்க" என்று அதட்டினார்கள். உங்கள் தங்கைகூட மூச்சு விட அனுமதிப்பாள். பிறகு டாக்டர், "வால்வு கசியுது சார். வெளிய போற ரத்தத்துல நிறைய திரும்பி வந்துடுது. மாத்திடலாம்" என்றார், ஏதோ குழாய்க்கு வாஷர் மாற்றுவதுபோல. வீட்டிலோ துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்கு நாற்காலி போதவில்லை. கீழ்வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சைக்கிளை என்ன செய்யப்போறீங்க?" என்று உருக்கமாகக் கேட்டார்.

அந்த ஸ்கேன் பிரிவிலேயே அளவுகளைச் சரிபார்க்கும் என் மகள், அதாவது உங்கள் மருமகள், மட்டும் படத்தை முறைத்துக்கொண்டே இருந்தாள். "அப்பா, அசையாமத்தானே படுத்திருந்தீங்க? உங்க முதுகுத் தசைகூட ஓடுதுன்னு காட்டுதே!"

"அவராவது, ஓடறதாவது" என்றாள் உங்கள் தங்கை, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

மறுநாள் மகள், நான் படுத்த அதே இடத்தில் ஒரு ஜெல்லி டப்பாவை வைத்து, எனக்கு எடுத்த மாதிரியே படம் எடுத்தாள். மச்சான், தேமே என்று கிடந்த ஜெல்லிக்கும் மெஷின் ஓட்டம் காட்டியது! அந்தப் பொய் ஓட்டத்தை என் கணக்கிலிருந்து கழித்ததும் கசிவு சொட்டாகச் சுருங்கிவிட்டது. டாக்டர் வேறொரு மெஷினிலும் பார்த்துவிட்டு, "இந்தத் துளிக் கசிவு பலருக்கும் இருக்கும் சார். ஆபரேஷன் வேண்டாம், தொப்பையைக் குறைங்க" என்றார். மகள் பெருமையடிப்பாள் என்று பார்த்தால், சுவர்ப்பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சினாள். "ரொம்ப பயந்துட்டேம்ப்பா." அப்போது எனக்கும் கசிந்தது, கண்ணில்.

ஆனாலும் இனி அந்தக் குகைப் பக்கம் நான் தலைவைத்துப் படுக்கமாட்டேன். நம் குடும்பத்தில் வேறு யாரையும் விடவும் மாட்டேன். நீங்களும் முழங்காலை வைத்துக்கொண்டு அலைந்து வரவேண்டாம்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், பொடிசுகளுக்கு முத்தம்.

இப்படிக்கு,
ஒழுங்காக ஓட்டம் உள்ள உங்கள் மாப்பிள்ளை

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் மகள் வந்துவிட்டாள். ஜெல்லியை வைத்துப் பொய் ஓட்டத்தைக் கழிக்கும் புது முறையைச் சோதிக்க நல்ல இதயம் உள்ளவர்கள் வேண்டுமாம். "ஆரோக்கியமான ஆள்னதும் உங்க ஞாபகந்தாம்ப்பா வந்துது" என்றாள். இந்த வயதில் என்னை வேறு யார் அப்படிச் சொல்வார்கள்? வியாழக்கிழமை படுக்கிறேன். உங்கள் பெயரையும் கொடுத்தாகிவிட்டது. கிடைக்கிற ரயிலில் ஏறி வாருங்கள்.