சீசருக்கு ஒரு ரெக்சின் கோட்டு

தனக்குக் குளிரடித்தால் தான் போர்த்திக்கொள்கிறவர்கள் உலகத்தில் பெரும்பாலோர். அவர்களால் யாருக்கும் தொந்தரவு இல்லை. அடுத்தவருக்குக் குளிரடித்தால் போர்த்திவிடுகிறவர்கள் கொஞ்சம் பேர். புண்ணியவான்கள், நன்றாக இருக்கட்டும். மூன்றாவதாக ஓர் இனம் இருக்கிறது. தனக்குக் குளிரடித்தால் அடுத்தவருக்குப் போர்த்திவிடும் இனம். உள்ளே உங்களுக்கு வியர்த்துக் கொட்டும். அதைப் பார்த்து, "பாத்தீங்களா, கம்பளி பட்டதும் ஒடம்பு எப்படி எளகுது!" என்று பூரித்துப்போகும். இந்த இனத்துக்குச் சௌகரியக்காரர் என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

சௌகரியக்காரர் வீட்டுக்கு நீங்கள் போனால், நீங்கள் உட்கார்ந்த நாற்காலியைத் தூக்கி வேறு இடத்தில் போடுவார். முதலில் உட்கார்ந்த இடத்தில் வெயில் படுகிறதாம். வெயில் படத்தானே அங்கே உட்கார்ந்தீர்கள்? அது அவருக்கு எப்படித் தெரியும்? கேட்டால் தெரியும். கேட்கிற வழக்கம் அந்த இனத்தில் கிடையாது. உங்களுக்குப் பசியா, தாகமா, தூக்கமா, துக்கமா என்பதெல்லாம் உங்களைவிட முன்னதாக அவருக்குத் தெரிந்துவிடும். நீங்கள் மறுத்தால் கூச்சப்படுகிறீர்கள் என்பார். கோபித்தால் களைத்திருக்கிறீர்கள் என்பார். எழுந்து ஓடினால், நடந்தால் உடம்புக்கு நல்லது என்று தான் சொன்னதைக் கேட்டுத்தான் ஓடுகிறீர்கள் என்பார்.

உதாரணம் தேடி அலைய வேண்டாம். எழுபத்து நாலாம் வருஷம் நல்லம்பள்ளிக் கடைவீதியில் 'லூர்து டெய்லர்ஸ்' என்று பலகை மாட்டி உட்கார்ந்திருந்த பிலவேந்திரனைப் பார்த்தால் போதும். பலகையில் இருந்தது மனைவி லூர்தம்மாளின் பெயர். பேச்சு முழுக்கப் பிலவேந்திரனுடையது.

அது பெல்பாட்டம் காலம். தெருவைப் பெருக்கும் அகலத்தில் கால் வேண்டுமென்று வயசுப் பையன்கள் துணியோடு வருவார்கள். பிலவேந்திரன் அளவெடுப்பார், சாக்குக்கட்டியால் கோடு போடுவார், எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். ஒரு வாரம் கழித்துக் கணுக்காலைக் கவ்விப் பிடிக்கிற பேண்ட் ஒன்றைக் கையில் கொடுப்பார்.

"என்னாங்கண்ணா, பெல்லு எங்க?"

"தம்பி, நீ சைக்கிள்ல போறவன். அகலமா வச்சா காத்து உள்ள பூந்து தொடை வெறச்சுப்போவும். ஒனக்கு இதுதான் சௌகரியம்."

"எனக்கு வெறைக்காதுங்க."

"ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நல்லம்பள்ளியில் ஆள் இல்லை. பையன்கள் இரண்டு முறை பொறுத்துக்கொண்டு மூன்றாம் முறை தருமபுரிக்குத் துணியைக் கொண்டுபோனார்கள். பிலவேந்திரனுக்குக் கையில் வேலை குறைந்தது, மனதில் கருணை மட்டும் வற்றாமல் சுரந்தது. எதிர்த்துப் பேசாத வாடிக்கைக்காரர் ஒருவராவது கிடைக்கமாட்டாரா? கிடைத்தார். நாலு காலில் கடை வாசலிலேயே படுத்திருந்தார்.

சீசர் செவலை நிற நாட்டு நாய். அந்த ஊர்ப் பனியில் ஏழெட்டு மார்கழியை வெறும் உடம்போடு கழித்து, ஒரு தும்மல்கூடப் போடாத பிராணி. ஒரு நாள் விடியற்காலையில் மப்ளர் சுற்றிக்கொண்டு நடுங்கியபடி கடையைத் திறந்த பிலவேந்திரன், அது சுருண்டு படுத்திருப்பதைப் பார்த்தார். நாய் சுருண்டுதான் படுக்கும். ஆனால் நடுக்கத்தில் இருந்த மனுஷனுக்கு அது தோன்றவில்லை. "அடடா, வாயில்லா சீவன், எப்பிடிக் குளுருதோ!" என்றார். அன்றோடு சீசரின் நல்ல காலம் முடிந்தது.

அளவெடுத்தார். கழுத்து, மார்பு, பிடரியிலிருந்து வால் முளைக்கும் இடம் வரை. இடுப்பில் நாடாவைச் சுற்றியபோது சீசர் உறுமியது. கூச்ச சுபாவம் என்றார். முதல் கோட்டு காக்கித் துணியில், உள்ளே பிளானல் கொடுத்து வந்தது. படுத்தால் வயிற்றில் உறுத்தக்கூடாதே என்று பொத்தான்களை முதுகுப் பக்கம் வைத்தார். சீசர் திரும்பி அத்தனையையும் கடித்துத் துப்பியது. பொத்தான் வேறு நிறத்தில் வேண்டுமென்கிறது என்று புரிந்துகொண்டு, நிறத்தை மாற்றி, எதற்கும் இருக்கட்டும் என்று வயிற்றுப் பக்கமாகவே தைத்தார். அப்புறம் காதுக்கு ஒரு தொப்பி, ஏனென்றால் அவருக்குக் காதுவலி உண்டு. கழுத்துக்கு இலவம்பஞ்சு அடைத்த பட்டை, ஏனென்றால் அவருக்குக் கழுத்துப் பிடிப்பும் உண்டு. தார் ரோடு சுடுமே என்று சைக்கிள் ட்யூபை வெட்டி நாலு காலுக்கும் பூட்ஸ். அதைப் போட்டுக்கொண்டு சீசர் நின்ற இடத்திலேயே ஒவ்வொரு காலாகத் தூக்கித் தூக்கி உதறியதை, "நடை பழகறான்" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் காட்டினார்.

எல்லாவற்றுக்கும் காஜா எடுத்தது லூர்தம்மாள். கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கடையில் பொத்தான் துளைகளும் ஓரத் தையலும் அவள் பொறுப்பு.

"அதுக்குப் புடிக்கலீங்க," என்றாள். "கோட்டப் போட்டா வாலையே ஆட்ட மாட்டேங்குது பாருங்க."

"குளுருல ஆடிக்கிட்டு இருந்துச்சு. இப்பக் கதகதப்பா இருக்குது. எதுக்கு ஆட்டணும்?"

லூர்தம்மாள் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டாள். அவருடைய கதகதப்பை நாய் பார்ப்பதற்கு வெகுகாலம் முன்பே பார்த்தவள் அவள். கல்யாணமான வருஷம் பிறந்த வீடான ஏரியூருக்குப் போய்த் திரும்புகையில் பஸ்ஸில் ஒரே ஒரு முறை வாந்தி எடுத்துவிட்டாள். அந்த வாந்திக்குக் காரணம் பஸ் இல்லை, இப்போது மீசை வைத்துக்கொண்டு திரியும் மூத்த மகன்தான் என்று ஊருக்கே தெரியும். பிலவேந்திரன் மட்டும் அவளுக்கு பஸ் ஆகாது என்று முடிவு கட்டினார். கட்டினது கட்டினதுதான்; அப்புறம் அவள் பிறந்த வீட்டுக்கு பஸ் ஏறவே இல்லை. அவள் அம்மா செத்தபோது வாடகைக் கார் வைத்துக் கூட்டிப்போய், அடக்கம் முடிந்த கையோடு கூட்டிவந்துவிட்டார். ரொம்ப சௌகரியமாக.

மார்கழிக் கடைசியில் லூர்தம்மாளின் தங்கை ஆரோக்கியம்மாள் வெற்றிலை பாக்கும் பத்திரிகையுமாக ஏரியூரிலிருந்து வந்தாள். பொங்கலுக்கு அடுத்த திங்கட்கிழமை அவளுடைய ஒரே மகளுக்குக் கல்யாணம்.

"மாமா, அக்காவ முன்கூட்டியே அனுப்பி வைங்க. பெரியம்மா பக்கத்துல நின்னாத்தான் கோயிலுக்குள்ள வருவேன்னு பொண்ணு சொல்றா."

"காருக்கு இப்பக் கையில காசில்ல, அவளுக்கு பஸ்ஸும் ஆவாதேம்மா."

"அத அக்கா வாயால சொல்லட்டுமே."

"அவ சொன்னா என்னா, நான் சொன்னா என்னா?"

லூர்தம்மாள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள்.

"பாரு, பஸ்ஸுன்னதுமே கொமட்டுது அவளுக்கு," என்றார் பிலவேந்திரன்.

ஆரோக்கியம்மாள் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள். வாசல் வரை வந்த அக்காவிடம், "இதுக்கும் வரலீன்னா இனி நீ யாரோ நான் யாரோ," என்று சொல்லிவிட்டுப் போனாள். கோபத்தில் சொன்னதுதான், ஆனால் சொன்னதைச் செய்கிற பெண். லூர்தம்மாளுக்கு அது தெரியும். கூடப்பிறந்தவள் என்று அவளுக்கு இருந்தது அந்த ஒருத்திதான். அன்று அவள் எடுத்த காஜாக்கள் எல்லாம் கோணலாக வந்தன. பிலவேந்திரன் அதைக் கவனிக்கவில்லை. அவர் தொப்பூர்க் கணவாயில் லாரிகளுக்கு சீட்டு தைக்கிறவரிடமிருந்து வாங்கிவந்த பச்சை ரெக்சினைத் தரையில் விரித்து, பனி இறங்காத கோட்டு ஒன்றுக்கு மனதுக்குள் வெட்டிக்கொண்டிருந்தார்.

கல்யாணத்துக்கு முந்தின வியாழக்கிழமை வனத்து அந்தோணியார் திருநாள். அன்று காலைப் பூசை முடிந்ததும் ஆடு மாடுகளைக் கோயில் முன்னால் வரிசையாக நிறுத்துவார்கள்; பங்குச் சாமியார் ஜெபம் சொல்லி மந்திரித்த தண்ணீர் தெளிப்பார்; வருஷம் முழுக்க நோய் அண்டாது. கொம்புக்கு வர்ணம் அடித்த காளைகள், ஆடுகள், கூடைக்குள் கோழிகள் எல்லாம் வந்திருந்தன. மாரியம்மனைக் கும்பிடுகிற மாதையன்கூடக் கறவை மாட்டை ஓட்டிவந்திருந்தார். மாடு நன்றாக இருந்தால் சரி, தண்ணீரை யார் தெளித்தால் என்ன என்பது அவர் கட்சி. இவற்றுக்கு நடுவில், தொப்பி, கழுத்துப்பட்டை, பூட்ஸ், வால் நுனி வரை மூடிய பச்சை ரெக்சின் கோட்டு சகிதம் சீசர் நின்றது. பக்கத்தில் பிலவேந்திரன், பிள்ளையைப் புதுச்சட்டை மாட்டி முதல் நற்கருணை வாங்கக் கூட்டிவந்த தகப்பன் மாதிரி நின்றார்.

சாமியார் தண்ணீரைத் தெளித்தார். துளிகள் ரெக்சினில் விழுந்து, உருண்டு, மண்ணில் இறங்கின.

சாமியாருக்கு உதவியாக வாளி தூக்கிவந்த கோயில் உபதேசியார் குனிந்து பார்த்தார். "சாமி, நாய் மேல படலீங்க. கோட்டு மேலதான் பட்டுச்சு."

சாமியார் இன்னொரு முறை தாராளமாகத் தெளித்தார். அதுவும் உருண்டது. பிலவேந்திரனின் முகம் மலர்ந்தது.

"ஒரு சொட்டு உள்ள போவாதுங்க சாமி. அத்தனையும் டபுள் தையல்!"

"அப்ப இந்த வருசம் கோட்டுக்கு ஒரு சீக்கும் வராது," என்றார் மாதையன். கூட்டம் சிரித்தது.

"கழட்டப்பா," என்றார் சாமியார்.

"பனிங்க சாமி. குளுரும்."

"மாட்டுக்கெல்லாம் குளுராதா?"

"மாட்டுக்கு நான் அளவெடுக்கலீங்களே சாமி."

பின்னால் காளைகள் முண்டின. சாமியார் வாளியைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார், பிலவேந்திரனைப் பார்த்தார். அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து லூர்தம்மாள் வந்தாள். யாரையும் கேட்கவில்லை. மண்ணில் குந்தி உட்கார்ந்து, நாயின் வயிற்றுக்கடியில் கையை விட்டு, பொத்தான்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கழற்றினாள். ஒவ்வொன்றும் அவள் எடுத்த காஜா; கண்ணால் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. கோட்டு விழுந்தது. தொப்பி, பட்டை, பூட்ஸ் எல்லாம் விழுந்தன. சாமியார் மறுபடி தெளித்த தண்ணீர் நேராகச் சீசரின் முதுகில் பட்டது.

சீசர் ஒரு சிலுப்புச் சிலுப்பியது பாருங்கள்! சாமியாரின் வெள்ளை அங்கி முழுக்கத் தெறித்தது. வாலை ஆட்டியது. ஆட்டினது போதாமல் இடுப்பையே ஆட்டியது. காளைகளுக்கு நடுவே ஓடிப்போய்ப் புழுதியில் மல்லாந்து, நாலு காலையும் வானத்துக்குக் காட்டிக்கொண்டு புரண்டது.

"பாரு, குளுரு தாங்காம மண்ணுல பொரளுது," என்றார் பிலவேந்திரன்.

"அது சந்தோசமா இருக்குதுங்க."

"ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"எனக்குத் தெரியும்," என்றாள் லூர்தம்மாள். புடவையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு நேராக வீட்டுக்கு நடந்தாள்.

பச்சைக் கோட்டைக் கையில் போட்டுக்கொண்டு பிலவேந்திரன் பின்னாலேயே வந்து சேர்வதற்குள், அவள் மாற்றுப்புடவைப் பையோடு பஸ் நிற்கிற இடத்துக்கு வந்துவிட்டாள். தருமபுரி போகிற பஸ் உறுமிக்கொண்டு நின்றது. அங்கே இறங்கி பென்னாகரம் பஸ் மாறினால், அப்புறம் ஏரியூர்.

"லூர்து, கொமட்டும். நான் சொல்றன் கேளு. வழியெல்லாம் வாந்திதான்."

"எடுத்தா எடுக்கறன். வயிறு என்னுது, வாந்தியும் என்னுது. என் வாந்திய நானே எடுத்துக்கறன், நீங்க வூட்டுக்குப் போங்க."

"சன்னல் பக்கம் ஒக்காராத, காத்து…"

அவள் சன்னல் பக்கந்தான் உட்கார்ந்தாள். மறைத்திருந்த படுதாவை மேலே சுருட்டிவிட்டு, வந்த காற்றுக்கு முகத்தைக் கொடுத்தாள். பஸ் போய்விட்டது.

பிலவேந்திரன் பொண்டாட்டி மேல் ஆசையில்லாத மனுஷன் இல்லை; அதுதான் இந்த இனத்தோடு உள்ள தொல்லையே. கொடுமைக்காரன் என்றால் நாலு பேரிடம் சொல்லி அழலாம், ஊரும் துணைக்கு வரும். கதகதப்பாக வைத்திருக்கிறான் என்று யாரிடம் போய்ப் புகார் சொல்வது? கையில் கிடந்த கோட்டை மடித்தார், பிரித்தார். ஒருவேளை, ஒருவேளைதான், தான் எங்கேயோ அளவு தப்பாக எடுத்துவிட்டோமோ என்றுகூட ஒரு நினைப்பு வரப் பார்த்தது.

அதற்குள் மாதையன் மாட்டைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்.

"என்னாங்க டெய்லரே, அம்மா எங்க கெளம்பிட்டாங்க?"

பிலவேந்திரன் மப்ளரை இழுத்து விட்டுக்கொண்டார். "கொழுந்தியா வூட்டுக் கல்யாணம். வூட்டுக்குள்ளயே கெடந்தா அவளுக்கு ஒடம்புக்கு ஆவாது. நாலு எடம் போய்வந்தா சௌகரியமா இருக்கும்னு நாந்தான் பஸ் ஏத்தி வுட்டேன்."

சொல்லும்போதே அவருக்கு அது உண்மையாகிவிட்டது. நிம்மதியாகக் கடைக்குத் திரும்பினார்.

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை, தெரியும். பிலவேந்திரனைப் பார்த்துச் சிரித்தீர்கள். லூர்தம்மாள் பஸ் ஏறியதும் மனசுக்குள் கைதட்டினீர்கள். சந்தோஷம். ஆனால் ஒன்று. இதைப் படித்துக்கொண்டு வரும்போது, "அடடா, இதை அவசியம் அவர் படிக்க வேண்டும், படித்தால் அவருக்கு நல்லது" என்று உங்கள் வீட்டில் யாரோ ஒருவரை நினைத்துக்கொண்டீர்களே, அவரைக் கேட்டீர்களா?