மடாதிபதியின் மறுபக்கம்

இத்தாலியில் அழத் தெரிந்தவர்கள் ஏராளம். அதையே ஆண்டறிக்கையோடு முறைப்படி செய்யத் தெரிந்தவர்கள் எங்கள் 'பிற்கால இடைக்கால நெருக்கடி ஆய்வுக் கழக'த்தார் மட்டும்தான். பஞ்சம், கொள்ளைநோய், போர் என்று பதினான்காம் நூற்றாண்டில் ஐரோப்பா அழிந்த பெருமையை முப்பது ஆண்டுகளாகக் கட்டிக்காத்து வருகிறோம். துணைச் செயலாளர் என்ற பாரம் என் தலையில்.

எங்கள் அஸ்திவாரம் ஒரே வாக்கியம். எங்கள் ஊர்க் குன்றின் மேலுள்ள மடத்தின் அதிபதி 1352இல் எழுதியது: "உலகம் முடிந்துவிட்டது." எங்கள் தலைவர் பேராசிரியர் பிராச்சி இதை நாற்பது கட்டுரைகளில் மேற்கோள் காட்டினார். நாங்கள் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டோம். மூல ஏட்டைத் தொட்டு அதன் 'புனித'த்தைக் கெடுக்க ஒருவரும் துணியவில்லை.

நீவெஸ் தொர்தெல்லி துணிந்தாள். ஒன்பது ஆண்டுகளாக ஆறுமாத ஒப்பந்தத்தில் உழைப்பவள். ஒரு நல்ல கட்டுரை கொடுத்தால் வேலையை நிரந்தரமாக்குவதாகத் தலைவர் சொல்லியிருந்தார். அதை நம்பி, பாவம், பக்கத்தைப் புரட்டிவிட்டாள்.

அவசரக் கூட்டம் கூடியது. மறுபக்கத்தில் என்ன இருக்கிறது என்று தலைவர் கேட்டார்.

"உலகம் ஏன் முடிஞ்சுதுன்னு இருக்கு, புரொபசர். நோய்க்கு அப்புறம் அறுவடைக்கு ஆள் இல்ல. வந்த கொஞ்சக் கூலியாளுங்களும் மத்தியானம் கறி கேட்டிருக்காங்க. தண்ணி கலக்காத ஒயின் கேட்டிருக்காங்க. இல்லேன்னா பக்கத்து ஊருக்குப் போறோம்னு சொல்லியிருக்காங்க."

"அப்ப நெருக்கடிதானேம்மா?"

"மடாதிபதிக்கு. ஊர்ல பாதி ஜனம் செத்துப்போச்சு. அவங்களப் பத்தி அவர் ஒரு வரி எழுதல."

நெருக்கடிக்கே நெருக்கடி வந்துவிட்டதை உணர்ந்த குழு, அந்தப் பக்கம் 'இன்னும் புரட்டப்படவில்லை' என்று ஒருமனதாகத் தீர்மானித்தது. அவளுடைய கட்டுரையும் 'வந்து சேரவில்லை'. சாப்பாட்டுக்கு எழுந்தோம்.

வாசலில் அவள் வழிமறித்து, வேலை என்னாயிற்று என்று கேட்டாள். தலைவர் கனிவாகவே அவள் தோளில் தட்டினார்.

"காலம் கெட்டுக்கெடக்கும்மா. உன் எடத்துக்கு எரநூறு பேர் மனு போட்டிருக்காங்க, தெரியுமில்ல?"

"தெரியும். போறதுக்குத்தான் எனக்குப் பக்கத்து ஊர் இல்ல."

அவள் தன் மேசைக்குத் திரும்பி, புத்தகங்களை ஒரு பெட்டியில் அடுக்கத் தொடங்கினாள். எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது. பசியாகவும் இருந்தது.

கூட்டக் குறிப்பை நான்தான் எழுத வேண்டும். நாளை வரலாறு அதை நம்பும் என்பதால் உள்ளது உள்ளபடி எழுதினேன்: "இன்று கழகம் ஈடுசெய்ய முடியாத இழப்பைச் சந்தித்தது. நாங்கள் போய்ச் சேர்வதற்குள் உணவகத்தில் காட்டுப்பன்றிக் கறி தீர்ந்துவிட்டது."