இரண்டு மூட்டையும் மாற்ற வேண்டும்

வாடிக்கையாளரைச் சொற்குற்றத்துக்காகத் திருப்பி அனுப்பிய சிமெண்ட் வியாபாரி உலகத்தில் ஒருவர்தான். அவர் கடை பாபநாசத்தில் இருக்கிறது. ஊரில் எல்லோரும் அவரை சிமெண்ட் பாய் என்பார்கள். ரேஷன் கார்டில் வேறு பெயர் இருந்திருக்க வேண்டும். எதிர்க்கடைக்காரருக்கே அது தெரியாது.

நான் அப்போது ஒரு நாளிதழின் உள்ளூர் நிருபர். பாய் கடைக்கு அடுத்த கட்டடத்தில் அறை. புதிய சிமெண்ட் சாலை திறக்கப்பட்டதாக நான் எழுதிய செய்தி வெளிவந்த காலையில், கடை வாசலிலேயே என்னை மறித்தார்.

“தம்பி, சிமெண்ட்ல யாராவது ரோடு போடுவாங்களா? ஜல்லி, மணல், தண்ணி எல்லாம் சேர்ந்தா காங்கிரீட். நெல்லைக் காட்டி பிரியாணின்னு போடுவீங்களா உங்க பேப்பர்ல?”

மறுநாள் திருத்தம் வரும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை. ஒரு வாரம் என் வணக்கத்துக்குப் பதில் இல்லை.

சிமெண்ட் கலரில் ஒரு டப்பா பெயிண்ட் கேட்டு வந்தவரிடம், “மூட்டையில இருக்கிற கலரா, கரைச்ச கலரா, இறுகின கலரா?” என்று கேட்டார். வந்தவர் அடுத்த கடைக்குப் போய்விட்டார். சிமெண்ட் ஷீட் என்ற சொல்லை மட்டும் அனுமதித்தார். அதில் உண்மையிலேயே சிமெண்ட் இருக்கிறதாம். பிளாஸ்டிக் குழாய் ஒட்டும் பசை டப்பாவில் ‘சால்வெண்ட் சிமெண்ட்’ என்று அச்சிட்டிருந்தது அவருக்குப் பொறுக்கவில்லை. ஒவ்வொரு டப்பாவிலும் அந்தச் சொல்லை மறைத்து விலைச்சீட்டு ஒட்டியே விற்றார்.

அவரிடம் சொல்லவே கூடாத ஒரு வாக்கியம் உண்டு: சிமெண்ட் காய்ந்துவிட்டது. வீட்டுக்குப் புதுத் தளம் போட்ட வலங்கைமான் பக்கத்து விவசாயி ஒருவர் அதைச் சொல்லி மாட்டிக்கொண்டார்.

“சிமெண்ட் காயாதுங்க. இறுகும். காயவிட்டா செத்துடும். மாடியில பாத்தி கட்டித் தண்ணி நிறுத்துங்க, நெல்லு வயலுக்கு நிறுத்துற மாதிரி.”

“நிறுத்துறேன் பாய். அப்படியே கொஞ்சம் நாத்தும் விட்டுடவா?”

“விடுங்க. அறுப்பு முடிஞ்சதும் வந்து சொல்லுங்க. காஞ்சிடுச்சுன்னு மட்டும் சொல்லாதீங்க.”

இவ்வளவு கறாரானவரை அவருடைய மனைவி ஜமீலாக்கா ஒருவர்தான் பயமில்லாமல் கேலி செய்வார். வீடு கடைக்கு மேலேயே. ஆனால் முழங்கால் வலி முற்றி, ஒன்றரை வருடமாக அவர் படியிறங்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு நாற்காலியோடு தூக்கித்தான் இறக்கினார்கள். மற்றபடி மாடி ஜன்னல் வழியாகவே தெருவோடு பேசிக்கொண்டிருந்தார். துபாயிலிருந்து விடுப்பில் வந்த மகன்தான் தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் காட்டி, எக்ஸ்ரே எடுத்து, பாயின் எண்ணைக் கொடுத்துவிட்டு விமானம் ஏறியிருந்தான்.

மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தபோது நான் கடையில் இருந்தேன். பாய் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

“ஐயா, ரெண்டு மூட்டையும் மாத்தணும்” என்றது ஒரு பெண்குரல்.

“மாத்திக்கலாம்மா. ஈரம் பட்டுடுச்சா?”

“இல்லீங்க, தேஞ்சு போச்சு.”

“மூட்டை எப்படிம்மா தேயும்?”

“வயசானா தேயும் ஐயா.”

பாய்க்கு முகம் சிவந்துவிட்டது. “நான் மூணு மாசத்துக்கு மேல எந்த மூட்டையும் வச்சிருக்கிறதே இல்ல!”

“அறுபத்திரண்டு வயசுன்னு எழுதியிருக்கே?”

மாடி ஜன்னலிலிருந்து ஜமீலாக்கா கத்தினார்: “ஏங்க, அது என் மூட்டு! போனைத் தம்பிகிட்ட குடுங்க!”

அடுத்த வாரம் என் காரில் மூவரும் தஞ்சாவூர் போனோம். டாக்டர் இளைஞர், பொறுமைசாலி. தேய்ந்ததை எடுத்துவிட்டுச் செயற்கை மூட்டைப் பொருத்தி, சிமெண்ட் வைத்து ஒட்டுவோம் என்றார். மறுநாளே வாக்கர் பிடித்து நடக்க வைப்போம் என்றும் சொன்னார்.

பாய் எழுந்துவிட்டார். “கிளம்பு ஜமீலா.”

“என்ன ஆச்சுங்க?” என்றார் டாக்டர்.

“முழு பலம் வர இருபத்தெட்டு நாள் ஆகணும் டாக்டர். மறுநாளே பாரம் ஏத்துறேங்கிறீங்க. நான் இதுல கையெழுத்துப் போட மாட்டேன்.”

“அது வீடு கட்டுற சிமெண்ட் ஐயா. இது வேற. கால் மணி நேரம் போதும். தண்ணியே ஊத்த வேணாம்.”

“தண்ணி வேணாம்னா அது சிமெண்டே இல்ல.”

“ஆமா, ஒரு வகை பிளாஸ்டிக்தான். பிடிச்சு நிறுத்துறதால அந்தப் பேரு.”

“அப்ப பேரை மாத்துங்க.”

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் தொங்கிய எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்தேன்.

ஜமீலாக்காதான் பேசினார். அவர் குரல் அவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதில்லை. “ஏங்க, பேரை அப்புறமா மாத்திக்கலாம். முதல்ல மூட்டை மாத்தட்டும். தெருவை மேல இருந்தே பார்த்துப் பார்த்து, எல்லார் உச்சந்தலையும் எனக்கு மனப்பாடம் ஆயிடுச்சு. முகம்தான் மறந்து போச்சு.”

பாய் உட்கார்ந்தார். படிவத்தை வரி விடாமல் படித்தார். பேனாவை எடுத்தார், வைத்தார். பிறகு டாக்டரிடம் கேட்டார்: “அந்தப் பிளாஸ்டிக்கு, காயுமா, இறுகுமா?”

“இறுகும் ஐயா. காயறதுக்கு அதுல தண்ணி எங்க இருக்கு?”

பாய் கையெழுத்துப் போட்டார்.

மூன்று மாதம் கழித்து ஒரு காலையில் கடைக்குப் போனேன். கல்லாவில் யாரும் இல்லை. உள்ளே படிக்கட்டில் பேச்சுக்குரல் கேட்டது. ஜமீலாக்கா கைப்பிடியைப் பற்றி ஒவ்வொரு படியாக இறங்கி வந்துகொண்டிருந்தார். அவருக்கு இரண்டு படி கீழே, முகம் அவர் பக்கமாக, பாய் பின்னோக்கி இறங்கிக்கொண்டிருந்தார். இரண்டு கைகளும் விரிந்திருந்தன. தொடவில்லை.

“வழியை விடுங்க. நான் விழ மாட்டேன், நீங்கதான் விழப்போறீங்க.”

“விழுந்தா விழுந்துட்டுப் போறேன். நீ படியைப் பாரு.”

கடையில் சரக்கு வாங்க வந்தவர்களும் நானுமாக நான்கு பேர் நின்றிருந்தோம். ஒருவர் லாரியை வேறு வெளியே நிறுத்தியிருந்தார். யாரும் பாயைக் கூப்பிடவில்லை.