குழாயடித் தெலுங்கு

தெலுங்கு மொழிக்கு நான் செய்த கெடுதல் ஒரே ஒரு வாரம்தான் நடந்தது. திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்குத் தொடங்கி, சனிக்கிழமை பதினொரு மணிக்கு முடிந்துவிட்டது. ஆனால் அந்த ஆறு நாளில் என்னால் ஆன மட்டும் செய்தேன், குறை வைக்கவில்லை.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. டீச்சர் டிரெய்னிங் முடித்துவிட்டு, சித்தூரில் வீட்டோடு உட்கார்ந்திருந்தேன். ஆந்திரம் தனி மாநிலமாகிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. சித்தூர் ஆந்திராவில் சேர்ந்துவிட்டது. ஆனால் எங்கள் நைனா அதை ஒப்புக்கொள்ளவில்லை. திருச்சபை ஆபீசில் குமாஸ்தா வேலை பார்த்த நேரம் போக மிச்ச நேரமெல்லாம், சித்தூரை மெட்ராசோடு சேர்க்கச் சொல்லி ஊர் ஊராகக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார்.

சித்தூரிலிருந்து திருப்பதிக்குப் போகும் சாலையில் ஒரு இன்டர்நேஷனல் ஸ்கூல் இருந்தது. வெள்ளைக்கார டாக்டர்கள், மிஷனரிகள், அணை கட்ட வந்த இஞ்சினியர்கள் ஆகியோரின் பிள்ளைகள் ஏழெட்டு தேசத்திலிருந்து வந்து அங்கே தங்கிப் படித்தார்கள். ஹெட்மிஸ்ட்ரஸ் பெயர் மிஸ் ஹெல்கா. முப்பது வருஷத்துக்கு முன்னால் வேதாகமத்தை வைத்துக்கொண்டு தமிழ் படித்தவர். அதனால் காய்கறிக்காரியிடம்கூட, "அம்மணி, இந்தக் கத்தரிக்காய்கள் நேற்றைய தினத்தினுடையவைகள் அல்லவோ?" என்றுதான் கேட்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மிஸ் ஹெல்கா எழுந்து நின்றார்.

"சகோதர சகோதரிகளே, எங்கள் தெலுங்கு பண்டிதர் பேருந்தின் படியிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டார். இப்பொழுது புத்தூரில் கட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறார். வருகிற சனிக்கிழமை சர்க்காரின் அதிகாரி எங்கள் பள்ளியைப் பார்வையிட வருகிறார். பிள்ளைகளுக்குத் தெலுங்கு தெரியாவிட்டால் அங்கீகாரம் இல்லை, பள்ளியை மூடவேண்டியதாகும். உங்களில் தெலுங்கு அறிந்தவர் எவரேனும் உண்டோ?"

என் கை தானாக மேலே போனது.

(பின்னால் நைனா கேட்டார்: "அத்தினி பேர் குந்திகினு இருந்தாங்களே, உனுக்கு மட்டும் இன்னாத்துக்கு கை அரிச்சிது?")

நான் பொய் சொல்லவில்லை. எனக்குத் தெலுங்கு தெரியும். தண்ணீர் பிடிப்பது சின்ன வயதிலிருந்தே வீட்டில் என் வேலை. எங்கள் தெருக்குழாயில் எனக்கு எதிரி முனெம்மா. என்னைவிட இருபது வயது பெரியவள், தெலுங்குக்காரி. பன்னிரண்டு வருஷம் தினமும் காலை ஒரு மணி நேரம் அவளோடு தெலுங்கில் சண்டை போட்டிருக்கிறேன். மூச்சு வாங்காமல் பேசுவேன். அதில் ஒரு சொல்கூடச் சண்டைக்கு வெளியே உள்ளதல்ல என்பது எனக்கு அப்போது தோன்றவே இல்லை. தெலுங்கில் நான் யாரையும் நலம் விசாரித்ததில்லை. நன்றி என்பதற்குத் தெலுங்கில் ஒரு சொல் இருக்கும் என்று யோசித்ததுகூட இல்லை.

"அதிகாரி திருப்தியடைந்தால், உனக்கு இங்கே நிரந்தரமாக ஒரு வேலை உண்டாயிருக்கும்" என்றார் மிஸ் ஹெல்கா. அது போதாதா எனக்கு!

திங்கட்கிழமை பன்னிரண்டு பிள்ளைகளை என்னிடம் ஒப்படைத்தார்கள். எனக்குத் தெலுங்கு எழுத்து தெரியாது. பஸ் போர்டில் சித்தூர் எது, திருப்பதி எது என்று கண்டுபிடிக்கும் அளவுக்குத்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பாலபோதினி ஒன்றை இரவல் வாங்கிப் பத்து எழுத்துகளை நெட்டுருப் போட்டுக்கொண்டு போயிருந்தேன். கரும்பலகையில் முதல் எழுத்தைப் போட்டேன்.

நீல்ஸ் என்ற டென்மார்க் பையன் கை தூக்கினான். பத்து வயது, தலைமுடி வைக்கோல் நிறம்.

"டீச்சர், புத்தகத்தில் வால் மறுபக்கம் இருக்கிறது."

பார்த்தேன். மறுபக்கம்தான் இருந்தது. இரண்டாவது எழுத்துக்கும் கை தூக்கினான். மூன்றாவதுக்கு நான் கரும்பலகையை அழித்துவிட்டேன்.

டிரெய்னிங் ஸ்கூலில் எங்களுக்கு, மொழியை எழுத்தில் தொடங்காதீர்கள், நிஜமான காரியத்தில் தொடங்குங்கள் என்று சொல்லித் தந்திருந்தார்கள். செவ்வாய்க்கிழமை அதைப் பிடித்துக்கொண்டேன். எனக்குத் தெரிந்த நிஜமான காரியம் ஒன்றே ஒன்றுதான். பன்னிரண்டு பிள்ளைகளையும் ஆளுக்கொரு வாளியோடு சமையற்கட்டின் பின்னால் இருந்த குழாயடிக்கு ஓட்டிக்கொண்டு போனேன்.

"நேனே முந்து ஒச்சினா!" (நான்தான் முதலில் வந்தேன்) என்று கத்தினேன்.

பன்னிரண்டு குரல் திருப்பிக் கத்தியது. சமையல்காரர் வெளியே எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அதற்கப்புறம் அந்த வகுப்பு பறந்தது. "லைனுலோ நிலபடு!" (வரிசையில் நில்.) "நீ பிந்தெ தீயி!" (உன் குடத்தை எடு.) லத்தீன் வகுப்பில் தூங்கி விழும் பிள்ளைகள் என் வகுப்புக்கு ஓடி வந்தார்கள். முனெம்மா வேஷத்துக்கு அடிதடி. நீல்ஸ் மிகப் பிரமாதமான முனெம்மா. "நீ பேரேமி?" (உன் பேர் என்ன?) என்று யார் கேட்டாலும், இடுப்பில் கையை ஊன்றி, மோவாயை ஒரு வெட்டு வெட்டி, "நீக்கெந்துக்கு?" (உனக்கெதுக்கு?) என்பான். அசல் முனெம்மாவே தோற்றாள்.

பெக்கி என்ற அமெரிக்கப் பெண்ணுக்குப் பதினொரு வயது, எதையும் கணக்காகச் செய்வாள். புதன்கிழமை நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "டீச்சர், இடுப்பில் கை வைப்பது பேசுவதற்கு முன்னாலா, பின்னாலா?" என்று கேட்டாள்.

"முன்னால்" என்றேன். எழுதிக்கொண்டாள்.

"பெரியவர்களிடமும் இப்படியேதான் பேசவேண்டுமா?"

யோசித்தேன். முனெம்மா என்னைவிடப் பெரியவள்தானே? அவளிடம் நான் இப்படித்தானே பேசுகிறேன்? "இப்படியேதான்" என்றேன். அதையும் எழுதிக்கொண்டாள்.

வியாழக்கிழமை பிள்ளைகளைத் திருப்பதிக்கு அழைத்துக்கொண்டு போனேன். திரும்பி வரும்போது பஸ் ஸ்டாண்டில் திருமலை தரிசனம் முடித்து இறங்கிய கூட்டம். மொட்டைத்தலைக் கடல். சித்தூர் பஸ்ஸுக்குள் ஒரு ஈ நுழைய முடியாது. நான் செய்வதறியாமல் நின்றபோது நீல்ஸ் முன்னால் போய், இடுப்பில் கை வைத்து, "நேனே முந்து ஒச்சினா! லைனுலோ நிலபடு!" என்று ஒரு கூச்சல் போட்டான்.

கூட்டம் அப்படியே பிளந்தது. பூக்காரி ஒருத்தி சிரித்த சிரிப்பில் கூடையைச் சாய்த்துவிட்டாள். நாங்கள் பதின்மூன்று பேரும் ராஜநடை போட்டுப் போய் ஏறினோம்.

கண்டக்டர் என்னிடம் வந்து, "வீள்ளக்கு எவுரம்மா நேர்ப்பிஞ்சிந்தி?" (இவங்களுக்கு யாரும்மா சொல்லித் தந்தது?) என்று கேட்டார்.

"நேனே!" என்றேன் பெருமையாக. அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, முன்பக்கம் போய் டிரைவர் காதில் என்னவோ சொன்னார். டிரைவர் திரும்பி என்னைப் பார்த்தார். மெச்சிக்கொள்கிறார்கள் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை அதிகாரி வந்தார். குண்டூர்ப் பக்கத்துக்காரர். வெள்ளைப் பஞ்சகச்சம், கறுப்புக் கோட்டு, தங்க பிரேம் கண்ணாடி, கையில் ஒரு தோல் பை. பையை முன் மேஜைமேல் வைத்துவிட்டு, பாலில் தேன் கலந்தாற்போன்ற குரலில் நீல்ஸைக் கேட்டார்:

"பாபு, நீ பேரேமிட்டி?"

நீல்ஸின் முகம் மலர்ந்தது. தெரிந்த கேள்வி! எழுந்தான். முதலில் கை இடுப்புக்குப் போனது. அப்புறம் மோவாய் வெட்டு.

"நீக்கெந்துக்கு?"

அதிகாரி காது சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்திருக்கவேண்டும். புன்னகை மாறாமல் பெக்கியிடம் நகர்ந்தார். "அம்மாயி, நுவ்வு செப்பு" (நீ சொல்லம்மா) என்றார்.

நீல்ஸுக்கும் பெக்கிக்கும் நடுவில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை விட்டுவிட்டுத் தன்னிடம் வந்தது அவளுக்கு முறையாகப் படவில்லை. "லைனுலோ நிலபடு!" என்றாள்.

அவர் ஒரு அடி பின்னால் போய் நின்றார். நிஜமாகவே நின்றார்.

கடைசி பெஞ்சில் டாமி என்று ஒரு ஸ்காட்லாந்துப் பொடியன். வாரம் முழுக்க வாயே திறக்காதவன். நண்பர்களின் வெற்றியைப் பார்த்து அவனுக்கும் வீரம் வந்துவிட்டது. துள்ளி எழுந்து, மேஜைமேல் இருந்த தோல் பையைச் சுட்டிக்காட்டி, கட்டடம் அதிர, "நீ பிந்தெ தீயி!" என்றான்.

அதிகாரி பையை எடுத்துக்கொண்டார்.

மிஸ் ஹெல்காவுக்குத் தெலுங்கு ஒரு எழுத்தும் தெரியாது. பிள்ளைகள் தங்குதடையின்றிப் பேசுவதைக் கண்டு அவர் கண்ணில் நீர் நிறைந்துவிட்டது. "மெய்யாகவே, ஆறே நாளில்! இது ஆச்சரியமல்லவோ?" என்று என் தோளைத் தட்டினார்.

அதிகாரி மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"அம்மா, மீரு தெலுங்கு எக்கட சதுவுகுன்னாரு?"

என்னை யாரும் அதுவரை 'மீரு' (நீங்கள்) என்று சொன்னதில்லை. எனக்குப் பின்னால் வேறு யாரோ நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். சுவர்தான் இருந்தது. அவர் கேட்டதில் 'தெலுங்கு', 'எக்கட' இரண்டும் புரிந்தன. தெலுங்கு எங்கே படித்தீர்கள் என்கிறார். கர்த்தர் சாட்சியாக உண்மையைச் சொன்னேன்.

"கொளாயி காட." (குழாய்கிட்ட.)

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றினார். பிறகு விறுவிறுவென்று தாழ்வாரத்துக்குப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தூணைப் பிடித்து நின்றார். தோள்கள் குலுங்கின. வெகு நேரம் குலுங்கின.

"அவர் ஜெபிக்கிறாரோ?" என்றார் மிஸ் ஹெல்கா.

திரும்பி வந்தபோது அவர் முகம் சிவந்திருந்தது. எனக்குப் புரியும்படி, தெரிந்த தமிழைப் பொறுக்கிச் சேர்த்துச் சொன்னார்: "அம்மா, நான் ரொம்ப வருசம் சர்வீசு. கலெக்டர்கூட என்னை லைன்ல நில்லுன்னு சொன்னது இல்ல. பெரியவங்களை 'மீரு' சொல்லணும். 'நீ' இல்ல. சரியா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நீல்ஸ் சொன்னது, பெக்கி சொன்னது, டாமி சொன்னது, எல்லாவற்றையும் மனதுக்குள் தமிழில் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தேன். காது மடல் பற்றி எரிந்தது. பஸ் ஸ்டாண்டும் கண்டக்டரும் டிரைவரும் வரிசையாக நினைவுக்கு வந்தார்கள். ஒரு பள்ளிக்கூடத்தையே இழுத்து மூடிவிட்டேன் என்று நினைத்துச் சமையற்கட்டின் பின்னால் போய் அழுதேன்.

டாமி என்னைத் தேடிக்கொண்டு வந்தான். "டீச்சர், நான் தப்பாகச் சொன்னேனா?" என்றான்.

"இல்லை கண்ணு, ரொம்பச் சரியாகச் சொன்னாய்" என்றேன். அழுகை இன்னும் அதிகமாகிவிட்டது.

ஆனால் அந்த மனிதர் எழுதிவிட்டுப் போன காகிதத்தை மிஸ் ஹெல்கா எனக்குப் படித்துக் காட்டினார். 'மாணவர்கள் தெலுங்கை அச்சமின்றிப் பேசுகிறார்கள். அங்கீகாரம் வழங்கலாம்.' கீழே இன்னொரு வரி: 'ஆசிரியைக்கு உடனடியாக வேறு பாடம் தரவும்.'

தந்தார்கள். சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்கும் தையலும். அதில் இருபத்தெட்டு வருஷம் இருந்தேன். பண்டிதர் புத்தூரிலிருந்து கைத்தடியோடு திரும்பி வந்த முதல் நாள், வாசலிலேயே நீல்ஸ் அவரை வரிசையில் நிற்கச் சொன்னானாம். அந்தப் பன்னிரண்டு பேரையும் மரியாதைத் தெலுங்குக்குக் கொண்டுவர அவருக்கு இரண்டு வருஷம் பிடித்தது. அவர் என்னிடம் முகம் கொடுத்துப் பேச மூன்று வருஷம்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் நைனாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கையெழுத்துக் காகிதங்களை மடித்து ஓரமாக வைத்துவிட்டு, "நானு கால் தேய சுத்திகினு கீறேன். நீ ஆறே நாள்ல முடிச்சிட்டியேம்மா! ஆந்திராக்காரங்களே இந்தா புடின்னு சித்தூர குட்த்துட்டு ஓடிடுவாங்க!" என்றார்.

அவர்கள் கொடுக்கவில்லை. சில வருஷம் கழித்து எல்லை முடிவானபோது திருத்தணி மெட்ராஸ் பக்கம் போனது. நாங்கள் இந்தப் பக்கமே நின்றுவிட்டோம். நைனா ரொம்ப நாள் மனசு உடைந்து கிடந்தார். பிறகு ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, "உன் தெலுங்க கேட்டுங்கூட நம்மள வெச்சிகினாங்களே, நல்ல ஜனங்கதாம்மா" என்றார். அதோடு அந்த விவகாரத்தை அவர் விட்டுவிட்டார்.

எனக்கு மருமகளாக வந்தவள் நெல்லூர்க்காரி, தெலுங்கில் எம்.ஏ. கல்யாணமாகி வந்த புதிதில் ஒருநாள் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, என் தெலுங்கைக் கேட்டுத் திகைத்துப்போய், மெல்ல, "அத்தய்யா, மீரு தெலுங்கு எக்கட நேர்ச்சுகுன்னாரு?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள், என் வீட்டுக்காரர், பிள்ளைகள், விருந்துக்கு வந்திருந்த நாத்தனார் உள்பட மொத்தக் குடும்பமும் ஒரே குரலில் "கொளாயி காட!" என்றது. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. சொல்லி முடிப்பதற்குள் ரசம் ஆறிவிட்டது.

இப்போது திருப்பதியில் அவர்களோடுதான் இருக்கிறேன். பேங்க், ஆஸ்பத்திரி, பேரனின் ஸ்கூல் எல்லா இடத்திலும் மருமகள்தான் பேசுவாள். மரியாதையாக 'அண்டி' போட்டு, 'தயச்சேசி' (தயவுசெய்து) போட்டு, அப்படி ஒரு அழகு. ஆனால் கேஸ் சிலிண்டர் பத்து நாள் தள்ளிப் போனால், கொஞ்ச நேரம் கெஞ்சிப் பார்த்துவிட்டு, போனைப் பொத்திக்கொண்டு என் அறைக்கு வருவாள்.

"அத்தய்யா, கொஞ்சம் மீரு மாட்லாடண்டி" (நீங்கள் பேசுங்கள்) என்று நீட்டுவாள்.

சிலிண்டர் அன்றைக்கே வந்துவிடும்.